நடுகல், பாறை ஓவியம் படமெடுக்க: வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் கேமராவும் எப்படித் தேர்வு செய்வது?

ஊத்தங்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டரும் கேமராவும் புதிதாக வாங்க வேண்டும். இரண்டிலும் எனக்கு விவரம் போதாது. வேலை இதுதான்: ஊத்தங்கரை, அரூர் சுற்று வட்டாரத்து நடுகற்களையும் மல்லப்பாடி மாதிரியான பாறை ஓவியங்களையும் படமெடுத்துப் பதிவு செய்வது, அவற்றில் உள்ள வட்டெழுத்தை (தமிழின் பழைய எழுத்து வடிவம்) பெரிதாக்கிப் படிப்பது, தமிழில் கட்டுரை தட்டச்சு செய்வது. கேம் விளையாட யாரும் இல்லை. எப்போதாவது கூத்து வீடியோ எடுப்பேன்.

மொத்தம் 1,30,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கடையில் கொடுத்த கொட்டேஷன்:

கம்ப்யூட்டர்: ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 22 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 11 இலவசம். 33,500.

கேமரா: கேனான் 1500டி, 18-55 மற்றும் 55-250 என இரண்டு லென்ஸ், பை, 16 ஜிபி கார்டு இலவசம்.

இதையே வாங்கலாமா? லேப்டாப் மேலா?

பாலக்கோடு பிசி

டீச்சர், அந்தக் கம்ப்யூட்டர் கொட்டேஷனில் பெரிதாகத் தெரிகிற வார்த்தை எல்லாம் இருக்கிறது, தெரிய வேண்டிய ஒன்றும் இல்லை. "ஐ5" என்பது குடும்பப் பெயர் மாதிரி. 2013-ல் வந்த ஐ5-4570-ம் ஐ5தான், 2022-ல் வந்த ஐ5-12400-ம் ஐ5தான். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணில்தான் விஷயம். 4570 என்றால் 4-ம் தலைமுறை, 12400 என்றால் 12-ம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியல் இன்டெலில் ஏறக்குறைய 8-ம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளதிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் ஓடும். பிறகு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், பழையதிலேயே இருந்துகொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது.

"2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு" என்று போட்டிருப்பதைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. இந்த விலையில் அது பெரும்பாலும் ஜிடி 730 மாதிரி பத்து வருடத்துக்கு மேலான சங்கதியாக இருக்கும். ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதைவிட வேகம். கொட்டேஷனில் கனம் கூட்ட வைத்த கல் அது. வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்தை மானிட்டருக்கு மாற்றுங்கள்.

நான் எழுதித் தருவதென்றால் இப்படி எழுதுவேன். பிராசஸர் ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600ஜி. இரண்டுமே 6 கோர், 12 திரெட், உங்கள் வேலைக்குத் தாராளம். இன்டெல் வாங்கினால் எண்ணின் கடைசியில் "எஃப்" என்ற எழுத்து இருக்கக் கூடாது. 12400எஃப்-ல் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ராம் 16 ஜிபி, ஆனால் 8-ம் 8-மாக இரண்டு குச்சி. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ் மந்தமாகும், ஏனென்றால் அது ராமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி இருந்தால் போக்குவரத்துக்கு இரண்டு பாதை. எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ வகை. எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட், "80 பிளஸ் பிரான்ஸ்" என்ற மின்திறன் முத்திரையோடு. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். அது கெடும்போது சில சமயம் மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

512 ஏன் போதாது? 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பும் (கேமரா திருத்தாமல் பதியும் மூலப் படம்) ஜேபெக்கும் சேர்த்து எடுத்தால் ஒரு படத்துக்குச் சுமார் 40 எம்பி. ஒரு நாள் சுற்றில் 300 படம் என்றால் 12 ஜிபி. வருடம் 20 சுற்று போனால் 240 ஜிபி. 512-ல் விண்டோஸும் மென்பொருளும் எடுத்தது போக, இரண்டாவது வருடம் முடிவதற்குள் நிரம்பிவிடும்.

மானிட்டர் 24 இன்ச், ஐபிஎஸ் பேனல், 1920×1080. "எல்இடி மானிட்டர்" என்று மட்டும் சொன்னால் பேனல் எது என்று கேளுங்கள். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிழலின் ஆழம் மாறித் தெரியும். தேய்ந்த எழுத்தை நிழலை வைத்துப் படிக்கும் உங்களுக்கு அது பெரிய தொல்லை.

கடையில் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தொட்டால் பிராசஸரின் முழுப் பெயர் தெரியும். மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் குச்சி இருக்கிறது என்று தெரியும். டிஸ்க்கில் எஸ்எஸ்டி என்றே காட்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் வாரண்டி பாகம் பாகமாகத்தான் வரும், சீரியல் எண் இல்லாத பில்லைக் காட்டி எதையும் மாற்ற முடியாது.

"விண்டோஸ் இலவசம்" என்றால் உரிமம் இல்லாதது என்று அர்த்தம். உரிமத்தைத் தனியாகப் பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள்.

லேப்டாப் பற்றி: களத்தில் படத்தைச் சரிபார்க்க கேமராவின் திரையே போதும். இதே பணத்துக்கு டெஸ்க்டாப்பில் நல்ல திரை கிடைக்கும், பழுதானால் பாகத்தை மட்டும் மாற்றலாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை நிறைய ஏறியிருப்பதால் கொட்டேஷனை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்க வேண்டாம். மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து பாதி பட்ஜெட்டுக்குள் முடிக்கப் பாருங்கள். கேமராவை மற்றவர்கள் சொல்வார்கள்.

கல்லும் வெளிச்சமும்

மெகாபிக்சலைப் பற்றி முதலில் ஒரு வரி. ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் அச்சிட 2480×3508 புள்ளிகள் போதும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. இன்று விற்கும் எந்தக் கேமராவும் அதைத் தாண்டிவிட்டது. அதனால் அந்தக் கணக்கை விடுங்கள்.

உங்களுக்குக் கேமராவைத் தீர்மானிக்கப் போவது அதன் திரை. எப்படி என்றால், நடுகல் பெரும்பாலும் மூன்று நான்கு அடி உயரம். கல் சாய்ந்து தெரியாமல் இருக்க லென்ஸ் கல்லின் நடு உயரத்தில், கல் பரப்புக்கு இணையாக நிற்க வேண்டும். அதாவது தரையிலிருந்து இரண்டடிக்கும் குறைவாக. கல் நெட்டுவாக்கில் இருப்பதால் கேமராவையும் நெட்டுவாக்கில் திருப்புவீர்கள். 1500டி-யின் திரை அசையாதது, தொடுதிரையும் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் முள்ளிலும் சாணியிலும் குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மேலும் கீழும் மட்டும் மடங்கும் திரை உள்ள கேமராக்களும் உண்டு, நிக்கான் இசட்50 அந்த வகை. கேமராவை நெட்டுவாக்கில் திருப்பினால் அந்த மடிப்பு உதவாது. பக்கவாட்டில் கதவு போலத் திறந்து சுழலும் திரைதான் உங்களுக்கு வேண்டும். கேனான் ஆர்50, 200டி மார்க் 2 இரண்டிலும் அது இருக்கிறது, 24 மெகாபிக்சல். புதிது என்றால் ஆர்50, 18-45 லென்ஸோடு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நல்ல நிலையில் உள்ள 200டி மார்க் 2 பழையது, 18-55 லென்ஸோடு. ஆர்100 விலை குறைவுதான், ஆனால் அதன் திரையும் அசையாது.

55-250 லென்ஸ் பறவைக்கும் மேடைக்கும் நல்லது, கல்லுக்கு வேலையில்லை. அதற்கான பணத்தில் டிரைபாட் வாங்குங்கள். எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு தாழ இறங்குகிறது என்று பாருங்கள். நடுத்தண்டு தரையை முட்டாமல் கால்கள் அகல விரிய வேண்டும், கேமரா ஒன்றரை அடிக்கு இறங்க வேண்டும், தலை 90 பாகை சாய வேண்டும். வாங்கும் கடையிலேயே கேமராவை நெட்டுவாக்கில் மாட்டிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் மூக்கைக் கீழே தொங்கப்போட்டால் அது வேண்டாம். ஆர்50-ல் பேட்டரியும் கார்டும் அடிப்பக்கக் கதவுக்குள் இருப்பதால், டிரைபாட் தட்டைக் கழற்றாமல் மாற்ற முடியாது. கூடுதலாக ஒரு பேட்டரி வைத்துக்கொண்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மாற்றிவிடுங்கள்.

லென்ஸை 35 எம்எம் பக்கம் வைத்துக்கொண்டு கல்லிலிருந்து இரண்டேகால் மீட்டர் தள்ளி நின்றால் நாலடிக் கல் முழுதாகச் சட்டத்துக்குள் வரும். 18-ல் வைத்துக் கிட்டப் போனால் ஓரம் வளைந்து, கல்லில் செதுக்கிய வீரனின் தலை வீங்கிவிடும். லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, கை அதிர்வு படாமல் இருக்க 2 வினாடி டைமர்.

இனி வெளிச்சம். இதில்தான் முக்கால் வேலை இருக்கிறது. நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் கல் மொழுக்கென்று ஆகிவிடும், எழுத்து மறைந்துவிடும். வெளிச்சம் கல் பரப்பை உரசிக்கொண்டு, 10 முதல் 20 பாகைக்குள் வர வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் செங்குத்துக் கோடுகள் எழும்பும், கிடைக்கோடுகள் மறையும். மேலிருந்து அடித்தால் மாற்றி நடக்கும். வட்டெழுத்தில் வளைவு அதிகம் என்பதால் ஒரே படத்தை நம்பினால் பாதி எழுத்தைத் தவறாகப் படிப்போம். ஆகவே கேமராவை அசைக்காமல் இடது, வலது, மேல், கீழ் என நான்கு படம்.

இருட்டிய பிறகு இது சுலபம்: ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றி, 10 வினாடி எக்ஸ்போஷர் (படத்தில் ஒளி விழும் நேரம்) வைத்து, ஒருவர் ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கத்தில் நின்று எல்இடி டார்ச்சை மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் போதும். பகலில் வேண்டுமென்றால் ஒருவர் கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் போட, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து அடிக்க வேண்டும். ஒன்றரை அடிக் கண்ணாடி போதும்.

தனி ஃபிளாஷும் டிரிகரும் (ஃபிளாஷைத் தள்ளி வைத்து இயக்கும் கருவி) வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கவனம். 1500டி, 200டி மார்க் 2 இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு ஊசி கிடையாது, சாதாரண டிரிகர் வேலை செய்யாது. ஆர்50-ல் பழைய ஃபிளாஷ்களுக்குத் தனி அடாப்டர் வேண்டும். டார்ச் இருக்கும்போது இந்தச் சிக்கலே வேண்டாம்.

எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு தூவுவது, எண்ணெய் பூசுவது எதுவும் கூடாது. ஏற்கெனவே எண்ணெய் ஏறி வழிபாட்டில் இருக்கும் கல் பளபளக்கும். அதற்குப் போலரைசர் ஃபில்டர் ஓரளவு கை கொடுக்கும். ஆர்50-ன் 18-45 லென்ஸுக்கு 49 எம்எம் அளவு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். கல்லோரம் 10 செ.மீ. அளவுகோல் ஒன்று இருக்கட்டும். இந்தக் கேமராக்களுக்குள் ஜிபிஎஸ் இல்லை, இடக்குறிப்போடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஓசூர் ரவுண்டு

இவ்வளவுக்குக் கேமரா எதற்குங்க? போனில் 50 மெகாபிக்சல் இருக்கு. அதே டார்ச், அதே டிரைபாட், ஒரு போன் கிளாம்ப். முடிஞ்சது. மிச்சப் பணத்துக்குப் பெரிய மானிட்டர் வாங்கலாம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு பெங்களூர் எஸ்பி ரோடு போனா விலை இறங்கும், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான்.

கல்லும் வெளிச்சமும்

சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையில் கேமரா இல்லாத அன்று போனில் எடுக்காமல் விடுவதுதான் தப்பு. புரோ மோடில் ரா எடுக்க முடிகிற போன் என்றால் பாதிக் கிணறு தாண்டலாம். ஆனால் போன் தானாகச் செய்யும் கூர்மையாக்கலும் வழவழப்பாக்கலும் இங்கே ஆபத்து: கல்லின் பொறுக்கை எழுத்தின் விளிம்பு மாதிரியும், மெல்லிய கீறலை வெறும் இரைச்சல் என்றும் எடுத்துக்கொள்ளும். பிறகு இருக்கிற எழுத்து எது, போன் வரைந்த எழுத்து எது என்று சண்டை போட வேண்டிவரும். அந்த 50 மெகாபிக்சலும் பெரும்பாலும் நான்கு புள்ளியை ஒன்றாக்கி 12-ஆகத்தான் வெளியே வரும்.

பாலக்கோடு பிசி

எஸ்பி ரோடு போகலாம், தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து மதர்போர்டு மக்கர் செய்தால் அதே 90 கிலோமீட்டர் இரண்டு தடவை போய் வர வேண்டும், ஒப்படைக்க ஒன்று, வாங்க ஒன்று. இரண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசத்துக்கு உள்ளூரே மேல். பத்தாயிரம் வித்தியாசம் என்றால் கிளம்புங்கள்.

மத்தூர் வயரிங்

டீச்சரம்மா, யாரும் கரன்ட் பக்கம் வரல, அதனால சொல்றேன். 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு கட்டாயம். அது 360 வாட்டு தாங்கும், உங்க செட்டு எல்லாம் சேர்ந்து 100 வாட்டைச் சுத்தித்தான் இழுக்கும். புது பேட்டரியில பத்து நிமிஷத்துக்குக் குறையாது, சேவ் பண்ணி அணைக்கப் போதும். பேட்டரி 12 வோல்ட் 7 ஏஹெச், ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ல மாட்டாதீங்க, சூடாகறப்ப இழுக்கற கரன்டுல யுபிஎஸ் விழுந்துடும். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அது சைன் வேவ் தானான்னு பாருங்க, பின்னாடி யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தா அதுல வைங்க. சாதா மோடுல மாறுறதுக்குள்ள கம்ப்யூட்டர் ஒருக்கா அணைஞ்சு எழுந்திரிக்கும்.

எர்த்து தான் நம்ம ஊர்ல பிரச்சனை. பாறை மண்ணு, சித்திரை வைகாசியில எர்த் குழி காஞ்சு கிடக்கும். கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருந்தா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் கசியவிடற கரன்டு அது, எர்த் வழியா இறங்கணும். எர்த் இல்லன்னா கேபினெட்ல 110 வோல்ட் கிட்ட நிக்கும். மீட்டர் வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. கூடவே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல நூறு வாட் குண்டு பல்பு போட்டுப் பாக்கணும், மங்கலா எரிஞ்சா எர்த் வீக்கு. குழியில கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்துல வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. பல்பு சோதனையை நீங்களா செய்யாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க.

ஊத்தங்கரை டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் நான்கு சந்தேகம். பழைய கட்டுரைகள் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன, புது கம்ப்யூட்டரில் திறக்குமா? பாறை ஓவியங்கள் மங்கலாக இருக்கின்றன, மென்பொருளால் தெளிவாக்க முடியுமா? கல்லை 3டி-யாகச் செய்ய இதே கம்ப்யூட்டர் போதுமா? கார்டும் பேக்கப்பும் எப்படி?

பாலக்கோடு பிசி

வானவில் எழுத்துருவை நிறுவினால் கோப்பு அப்படியே திறக்கும். ஆனால் தேடவோ இணையத்தில் போடவோ உதவாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக (எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும் பொதுக் குறியீடு) மாற்றி, பழைய கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். மாற்றியதும் கிரந்த எழுத்துகளையும் எண்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டச்சுக்கு விண்டோஸ் 11-லேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

3டி என்றால் கணக்கு மாறும். படங்களிலிருந்து 3டி செய்யும் மெஷ்ரூம் இலவச மென்பொருள்தான், ஆனால் முழு வேலைக்கு என்விடியா கார்டு கேட்கும். இப்போதே வாங்க வேண்டாம். பிறகு சேர்க்க வசதியாக எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் 550 வாட்டாக எடுங்கள். படங்களை இன்றே எடுத்து வைக்கலாம்: கல்லைச் சுற்றி, அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி, ஒரே வெளிச்சத்தில், ஜூமைத் தொடாமல். இதற்கு மட்டும் டார்ச் வேண்டாம், மேகமூட்டமான நாள்தான் நல்லது. நிழல் நகர்ந்தால் மென்பொருள் குழம்பும்.

பேக்கப்புக்கு 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், மற்றது வேறொரு வீட்டில். மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். கோப்புறைப் பெயர் ஊர், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், சில பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரில் திணறுகின்றன.

கல்லும் வெளிச்சமும்

பாறை ஓவியத்துக்கு இமேஜ்ஜே என்ற மென்பொருளில் சேரும், நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் டீஸ்ட்ரெட்ச் இருக்கிறது. செந்நிற ஓவியத்தில் அதன் எல்ஆர்இ அமைப்பு கண்ணுக்குத் தெரியாததையும் எழுப்பும். மல்லப்பாடி போல வெள்ளை நிறத்தில் வரைந்தவற்றில் அவ்வளவு பலன் எதிர்பார்க்காதீர்கள், பாறையின் உப்புப் படிவும் வெள்ளைதான். ஓவியத்துக்கு உரசும் வெளிச்சம் வேண்டாம், சீரான நிழல் வெளிச்சம் வேண்டும், ரா கோப்பு கட்டாயம்.

இலவச 16 ஜிபி கார்டை மறந்துவிட்டு 64 ஜிபி, வி30 குறியுள்ள கார்டு இரண்டு வாங்குங்கள். வி30 என்றால் வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும், கூத்து வீடியோவுக்கும் போதும். கூத்தை ஃபுல் எச்டி-யில் எடுங்கள், 4கே-யில் ஒரு மணி நேரத்துக்கு 50 ஜிபி தாண்டும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் முழுக் கார்டையும் நிரப்பிச் சோதியுங்கள். போலி கார்டு 64 என்று காட்டிவிட்டு 8-ஐத் தாண்டியதும் பழைய படத்தின் மேலேயே எழுதும். ஃபார்மட் செய்வது எப்போதும் கேமராவிலேயே.

பழைய 200டி மார்க் 2 பார்க்கப் போனால் லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு இறங்கி வந்தாலும் வேண்டாம். வீட்டில் கேமராவைத் துணிப்பையில் வைக்காமல், ரப்பர் ஓரம் உள்ள காற்றுப் புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே போடுங்கள், 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் சரி. ஐப்பசி கார்த்திகை மழையில்தான் அந்த முள் ஏறும். ஜெல்லின் நீலம் ரோஸ் நிறமானால் அதை வாணலியில் குறைந்த தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த வாணலி பிறகு சமையலுக்கு ஆகாது.